விட்டுப்போன ஒரு சொல்

சென்ற ஆண்டு ஆடிச் சாரலின்போது, நம்மிடம் மாலை வேளையில் ஓதவும் படிக்கவும் வரும் பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் அழைத்துக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலம் சென்றோம். பேரருவியில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஆகவே ஐந்தருவிக்குப் போனோம். வழியெங்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் கண்கள் பழத்தின் மீதும், குரங்குகளின் கண்கள் பிள்ளைகளின் கைகள் மீதுமாகக் கழிந்தது அந்தப் பயணம்.

அருவிக்குச் சற்று இப்பால் ஓர் எச்சரிக்கைப் பலகை. தமிழ் வரிகள் பாசி படிந்து அழிந்திருந்தன; ஆங்கில வரிகள் மட்டும் தெளிவாக நின்றன. மூன்றாம் வகுப்பில் ஆங்கில வழியில் படிக்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதன் முன் நின்று, ‘ஸ்லிப்பரி ராக்ஸ், டு நாட் கிளைம்ப்’ என்று மணி அடித்தாற்போல் வாசித்தாள். அவளுடைய தாயார் முகம் மலர்ந்தது. நமக்கும் பெருமைதான், அவளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவர் நாமல்லவா! ஐந்து நிமிடம் கழிந்திருக்காது. அதே சிறுமி அதே பாறையின் மீது ஏறி, வழுக்கி விழுந்து, தாடையைப் பிளந்துகொண்டாள். மூன்று தையல்.

காயம் ஆறி அவள் மீண்டும் வந்த அன்று, கடிந்துகொள்ளும் எண்ணத்தோடுதான் கேட்டோம்: “பலகையில் போட்டிருந்ததை நீதானேம்மா வாசித்தாய்? பிறகு ஏன் ஏறினாய்?”

“வாசிச்சேன் ஹஜ்ரத். தப்பில்லாமத்தானே வாசிச்சேன்?”

உண்மை. ஒரு தப்பும் இல்லை. சொல் சொல்லாகப் பொருள் கேட்டோம். ராக்ஸ் என்றால் பாறைகள் என்றாள்; கிளைம்ப் என்றால் ஏறுவது என்றாள். ஸ்லிப்பரிக்குக்கூட ‘வழுவழு’ என்று சொல்லிவிட்டாள். “அப்படியானால் டு நாட்?” என்றோம். “அது சின்ன வார்த்தை ஹஜ்ரத். அதுக்கெல்லாம் எங்க புஸ்தகத்துல அர்த்தம் போட மாட்டாங்க” என்றாள்.

அந்த விடையைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாமும் அதே சொல்லை விட்டுவிட்டவர்கள்.

1983ஆம் ஆண்டு. நமக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா கொல்லத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுவலி என்று அதற்கு முந்திய வாரம் கடிதம் வந்திருந்தது. ஒருநாள் அஸருக்குப் பின் தந்திச் சேவகர் வந்து வாசலில் நின்றார். தந்தி வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் காலம் அது. (அந்தத் தந்தியே 2013ஆம் ஆண்டு ஜூலையோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் நாளிதழின் பெயர்தான்.) அடுத்த தெருவில் படித்தவர் ஒருவர் இருந்தார். ஆனால் உம்மா அவரைக் கூப்பிடவில்லை. நம் வீட்டிலேயே இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை இருக்கும்போது பிறரிடம் ஏன் போக வேண்டும் என்று நம் கையில் தந்தார்கள். எல்லாம் பெரிய எழுத்து. புள்ளியும் இல்லை, இடைவெளிக்குக் குறியும் இல்லை. ‘ஆபரேஷன் ஓவர் ஃபாதர் வெல் டு நாட் கம்.’ ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தோம். கூடியிருந்த பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். “என்னவாம் மகனே?” என்று உம்மா கேட்டபோதுதான் நமக்கு வியர்த்தது. ஆபரேஷன் தெரியும், ஃபாதர் தெரியும், கம் தெரியும். வெல் என்றால் கிணறு என்று பாடத்தில் படித்திருந்தோம். அதை எங்கே பொருத்துவதென்று தெரியாமல் விழுங்கிவிட்டோம். எஞ்சியவற்றைக் கூட்டி, “வாப்பாவுக்கு ஆபரேஷனாம், வரச் சொல்லியிருக்கிறார்கள்” என்றோம்.

உம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. கையிலிருந்த காப்பு இரண்டையும் கழற்றி அடகுக் கடைக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு நம் மூவரையும் இழுத்துக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் ரயிலில் ஏறினார்கள். 1904ஆம் ஆண்டு திறந்த மலைப்பாதை. அப்போது மீட்டர் கேஜ். ஆரியங்காவுக் குகைக்குள் வண்டி நுழைந்து இருள் சூழ்ந்தபோது உம்மா தஸ்பீஹை இறுகப் பிடித்திருந்த சத்தம் கேட்டது. கொல்லத்தில் வாப்பா திண்டில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “வர வேண்டாம் என்றுதானே தந்தி அடிக்கச் சொன்னேன்?” என்பதுதான். கடைக்காரர் தந்தியை வாங்கிப் பார்த்தார். பின் நம்மைப் பார்த்தார். உம்மாவும் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. அந்தக் காப்பு இரண்டும் மீட்கப்படவே இல்லை. உம்மா மவுத்தாகும் வரை அவர்கள் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மதரஸாவில் சேர்ந்தோம். அங்கே ஹதீஸ் பாடத்தில் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பற்றிய செய்தி வந்தது. திர்மிதீ தொகுப்பில் இருப்பது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குக் கட்டளையிட்டார்கள். தம் கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்வதில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்கிறது அறிவிப்பு. உஸ்தாது அவர்கள் ஸைதுடைய நினைவாற்றலை வியந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நமக்கோ தந்தியின் நினைவு. பிறர் வாசித்துச் சொல்வதை நம்பித் தீரவேண்டிய நிலை எத்தகையது என்பதை உம்மாவின் வெறுங்கை நமக்குக் கற்றுத் தந்திருந்தது. ஆங்கிலம் படிப்பது ஆகுமா, ஆகாதா என்று ஒரு காலத்தில் நம் பெரியவர்கள் நடத்திய வாதங்களையெல்லாம் பின்னாளில் படித்தோம். நம்மைப் பொறுத்தவரை அந்த வாதம் கொல்லத்திலேயே முடிந்துவிட்டது. ஆலிம் பட்டம் பெற்ற பின், இருபத்தைந்து வயதுக்கு மேல், அரபு இலக்கணத்தை ஒரு கையிலும் நன்னூலை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் படிக்கத் தொடங்கினோம்.

அப்படிப் பட்டுத் தெளிந்தவர்களே, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது அதே தவறைச் செய்திருக்கிறோம் என்பதைத்தான் ஐந்தருவிப் பாறை காட்டியது. காரணத்தை நெடுநாள் யோசித்தோம்.

நம் வீட்டுப் பேச்சில் ஓதுதல் வேறு, படித்தல் வேறு. குர்ஆனை ஓதுகிறோம், பாடத்தைப் படிக்கிறோம். ‘பிள்ளை குர்ஆன் படிக்கிறான்’ என்று எந்த உம்மாவும் சொல்வதில்லை. ஓதுவதில் எழுத்தின் மக்ரஜு, நீட்டல், நிறுத்தம் ஆகியவை முதன்மை. பொருள் அறியாமல் ஓதினாலும் ஓதலுக்கு நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. ஐந்து வயதில் ‘அலிஃபுக்கு ஜபர் அ, ஜேர் இ, பேஷ் உ’ என்று தொடங்கும் பிள்ளை இரண்டு ஆண்டுகளில் நாழிரா முடித்துவிடுகிறது. இது சிறிய சாதனையன்று. ஆனால் அதே பிள்ளை அதே மாலையில், அதே பாயில், அதே ஹஜ்ரத்திடம் ஆங்கிலப் புத்தகத்தை விரிக்கும்போது அதையும் ஓதத் தொடங்கிவிடுகிறது! உடலை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு ஆங்கிலப் பாடத்தை வாசிக்கும் பிள்ளைகளைக் கண்டு முன்பு ரசித்திருக்கிறோம். இப்போது அந்த அசைவைக் காணும்போது ஓர் அச்சம் எழுகிறது.

இதை மதரஸாப் பிள்ளைகளின் குறை என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. ஓதவே வராத பிள்ளைகளும் ஆங்கிலத்தை இப்படித்தான் வாசிக்கிறார்கள். நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளந்து பார்க்கும் ‘அசர்’ என்ற அறிக்கையை 2005ஆம் ஆண்டு முதல் ‘பிரதம்’ அமைப்பினர் வெளியிட்டு வருகின்றனர். அதில் ஆங்கிலத்தைச் சோதித்த ஆண்டுகளில், பிள்ளை வாக்கியத்தை வாசித்ததும் விட்டுவிட மாட்டார்கள். ‘இதற்கு உன் மொழியில் பொருள் சொல்’ என்று கேட்பார்கள். வாசிப்பது ஒரு கணக்கு, விளங்குவது இன்னொரு கணக்கு. இதையே 1986இல் கஃப், டன்மர் என்ற இரு அறிஞர்கள் ஒரு பெருக்கல் கணக்காகச் சொல்லி வைத்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கிக்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே படிப்பு. கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று எவ்வளவு பெரிதாயினும் மற்றது சுழியமானால் விடையும் சுழியமே. நம் சிறுமிக்கு முதல் திறனில் நூற்றுக்கு நூறு தரலாம். பாறையின் மேல் கிடைத்த விடை என்ன?

ஆனால் பாடத்தின் கீழ் கேள்விகள் இருக்கின்றனவே, பிள்ளைகள் அவற்றுக்குச் சரியாக விடை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்களே என்று பெற்றோர் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஐயம் தீர்த்துக்கொள்ள ஒருநாள் ஒரு சோதனை செய்தோம். எந்த மொழியிலும் இல்லாத சொற்களைக் கோத்து, ‘தி டோமர் பிலாக்கட் தி சிப்பன் இன் தி நூர்க்’ என்று கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதினோம். அதன் கீழ் இரண்டு கேள்விகள்: சிப்பனைப் பிலாக்கியது யார்? எங்கே பிலாக்கியது? பதினோரு பிள்ளைகளில் ஒன்பது பேர், ‘தி டோமர்’, ‘இன் தி நூர்க்’ என்று பிழையில்லாமல் எழுதி நீட்டினார்கள். வழக்கமான முறையில் திருத்தினால் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண். டோமர் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை! நாமாகக் கேட்டதற்கு, ஒரு பையன் துணிந்து, “அது அடுத்த பாடத்தில் வரும் ஹஜ்ரத்” என்றான்.

கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடுவது, கண்ட இடத்தில் நிறுத்துவது, அந்த வரியை எடுத்து எழுதுவது. இந்தத் தந்திரத்தைத்தான் படித்து விளங்குதல் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்து வந்திருக்கிறோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இவ்வளவுக்கும், இந்தப் பொய்ச் சோதனையில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. பொருளற்ற பெரிய சொற்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எப்படி விடை கண்டார்கள்? ‘தி’ இருந்தது, ‘இன்’ இருந்தது, ‘எட்’ என்ற ஈறு இருந்தது. யார் செய்தது, எங்கே, எப்போது என்பவற்றையெல்லாம் அந்தச் சிறு சொற்களும் சிறு துணுக்குகளுமே காட்டிக் கொடுத்தன. வாக்கியத்தின் எலும்பு அவைதாம். பாடப் புத்தகத்தின் அருஞ்சொற்பொருளில் இடம் கிடைக்காதவையும் அவைதாம்.

நாம் கற்ற இரு மொழிகளின் இலக்கணங்களும் இதை மறக்கவில்லை. அரபு இலக்கணத்தார் சொல்லை இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு என்று மூன்றாகப் பகுத்து, தனித்து நின்றால் பொருள் நிரம்பாத ஹர்ஃபுக்கும் மற்ற இரண்டோடு சமமான இருக்கை தந்தார்கள். தமிழில் பெயர், வினை, இடை, உரி. தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கென்று தனி இயலே வகுத்தார். ஸீபவைஹியின் கதை மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாரசீகத்தில் பிறந்து பஸராவில் வளர்ந்தவர். அரபு அவருக்குத் தாய்மொழியன்று. ஹம்மாது இப்னு ஸலமா என்ற ஆசிரியரிடம் ஹதீஸ் பயின்றபோது ‘லைஸ’ என்ற சொல் வந்தது. ‘இல்லை’ என்ற வழக்கமான பொருளையே கொண்டு, அடுத்த சொல்லின் ஈற்றை அதற்கேற்ப உச்சரித்தார். அந்த இடத்திலோ அது ‘தவிர’ என்ற பொருளில் வந்திருந்தது. ஆசிரியர் பலர் முன்னிலையில் திருத்தினார். இனி எவரும் குறை காண முடியாத கல்வியைத் தேடுவேன் என்று எழுந்து போனவர், கலீல் இப்னு அஹ்மதிடம் பயின்று, அரபு இலக்கணத்தின் தாய்நூலான ‘அல்கிதாப்’ எழுதினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவரை இடறியதும் ஒரு சிறு சொல்தான். அதுவும் எதிர்மறைச் சொல்!

இந்த யோசனைக்குப் பின் நம் மாலை வகுப்பை மாற்றினோம். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இலக்கணம் தனிப் பாடம், வாசிப்பு தனிப் பாடம் என்ற சுவரை எடுத்துவிட்டோம். வாசிக்கும் வாக்கியத்தில் உள்ள சிறு சொல்லே அன்றைய இலக்கணம்.

முதலில் எடுத்தது ‘நாட்’. தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே, அதுவும் பின்னால் வருகிறது: ஏறாதே, வரவேண்டாம், செய்யவில்லை. தமிழ்ப் பிள்ளை வாக்கியத்தின் கடைசி வரை காத்திருந்து ‘ஆம்’, ‘இல்லை’ அறிந்து பழகியது. அரபியில் ‘லா’ முன்னால் வந்து நின்று வழிமறிக்கிறது. ஆங்கிலத்தில் அது நடுவில், இரண்டு பேருக்கிடையே ஒண்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் ‘கம்’ என்று கேட்டதும் தமிழ்க் காது ‘வா’ என்று முடிவு கட்டிவிடுகிறது. 1983இல் நமக்கு நேர்ந்தது அதுதான் என்பது ஐம்பது வயதுக்கு மேல் விளங்கியது.

அடுத்தது ‘இஸ்’. ‘இது மரம்’ என்றால் தமிழில் வாக்கியம் நிறைந்துவிடுகிறது. அரபியிலும் முப்ததாவும் கபரும் வினையின் துணையின்றி நின்றுவிடும். ஆகவே நம் பிள்ளைகளின் இரு மொழிகளும் சேர்ந்து, ‘மை ஃபாதர் டீச்சர்’ என்று எழுதத் தூண்டுகின்றன. இதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பதைவிட, “உன் தமிழுக்கும் அரபிக்கும் இது தேவைப்படவில்லை; ஆங்கிலத்துக்கு மட்டும் இரண்டுக்கும் நடுவே ஓர் ஆணி அடித்தால்தான் நிற்கும்” என்று சொல்லிவிட்டால் பிள்ளை வெட்கப்படாமல் திருத்திக்கொள்கிறது. ‘தி’ என்பதற்கோ தமிழில் நிகரில்லை. அரபியில் ‘அல்’ இருக்கிறது. எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் ‘அல்கிதாப்’, தெரியாவிட்டால் வெறும் ‘கிதாப்’ என்பதை யஸ்ஸர்னல் குர்ஆன் முடித்த பிள்ளைக்கு ஒரு மாலையில் விளக்கிவிடலாம். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை என்பது பின்னால் தெரிந்தால் போதும்.

‘இன்’, ‘ஆன்’, ‘அண்டர்’, ‘பிஹைண்ட்’ ஆகியவற்றுக்கு ஒரு பேரீத்தம்பழமும் ஒரு தேநீர்க் கோப்பையும் போதும். சீட்டில் எழுதியிருப்பதை வாயால் வாசிக்கக் கூடாது. எழுதியபடி பழத்தை வைக்க வேண்டும். சரியாக வைத்தவர்க்குப் பழம். வீட்டில் என்ற சொல்லில் ‘இல்’ பின்னால் ஒட்டுகிறது, ‘இன்’ முன்னால் நிற்கிறது என்பதை அவர்களே சொன்னார்கள். பழம் தீர்ந்ததே தவிர ஆர்வம் தீரவில்லை.

‘எஸ்’ என்ற எழுத்துதான் நம்மைப் படாதபாடு படுத்தியது. பாய் ரன்ஸ், பாய்ஸ் ரன். பன்மைக்கு எஸ் என்று நேற்றுச் சொன்னீர்களே, இன்று ஒருவன் ஓடும்போது ஓட்டத்தில் எஸ் எப்படி வந்தது என்று ஒரு பையன் மடக்கினான். மூன்றாம் மனிதர், ஒருமை, நிகழ்காலம் என்று நாம் அடுக்கிக்கொண்டிருக்கையில், தம்பியைவிட மூத்த ஒரு சிறுமி குறுக்கிட்டு, “எஸ் ஒரே ஆள்தான்டா. அங்க போனா இங்க இருக்க முடியாது” என்றாள். பையன் தலையாட்டிவிட்டான். எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்றாலும் எட்டு வயதுக்கு இதைவிட நல்ல விதி நமக்குத் தெரியவில்லை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் ஓதும் பள்ளிகளிலும் பழைய திண்ணைப் பள்ளிகளிலும் வழிவழியாக இருந்ததுதான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் முறையையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே கைக்கொண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அந்நாட்டுப் பள்ளிகள் அதை ‘மெட்ராஸ் முறை’ என்றே அழைத்தன. நம் திண்ணையிலிருந்து போன சரக்குதான்.

உச்சரிப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆயினும் நம் பிள்ளைகளுக்கு உள்ள ஒரு வசதியைப் பெற்றோர் அறிய வேண்டும். தமிழில் இல்லாத பல ஒலிகளை மக்தபு ஏற்கெனவே நாவில் பதித்து வைத்திருக்கிறது. ஃபாவும் ஷீனும் ஜாயும் ஆங்கிலத்தில் அப்படியே பயன்படும். ‘திங்க்’ என்ற சொல்லின் முதலொலி மூன்று புள்ளி வைத்த ஸா. ‘திஸ்’ என்பதன் முதலொலி புள்ளி வைத்த தால். இதழ் குவித்துச் சொல்லும் வாவ் ஒன்றும், பல் தொட்டுச் சொல்லும் தமிழ் வகரம் ஒன்றும் தெரிந்த பிள்ளைக்கு டபிள்யூவும் வீயும் குழம்பாது. இவ்வளவு செல்வத்தை வைத்துக்கொண்டு, உச்சரிப்புக்கென்று தனிக் கட்டணம் கட்டி எங்கோ அனுப்புகிறார்களே என்று வருந்துவோம்.

எவ்வளவு வாசிக்கக் கொடுப்பது? இங்கேதான் ஆசை கெடுக்கிறது. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாகப் படித்து விளங்க முடியாதிருப்பதைக் கண்டு, 1926இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் தயாரித்த வாசகங்களில் புதிய சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகவே நுழையும். நுழைந்த சொல் மீண்டும் மீண்டும் வந்து முகம் காட்டும். ஒரு பக்கத்தில் இருபது புதிய சொற்களைக் கொட்டி, கீழே அவற்றுக்குப் பொருளும் எழுதி, மனனம் செய்யச் சொல்லும் இன்றைய பாடங்கள் சிலவற்றைப் பார்க்கும்போது, நூறாண்டுகளுக்கு முன் டாக்காவில் கண்டது தென்காசிக்கு இன்னும் வந்து சேரவில்லையோ என்று தோன்றுகிறது. நாம் நான்கு வரிகளுக்கு மேல் கொடுப்பதில்லை. குரங்கு பழத்தைப் பறித்த கதை, சாரலில் குடை திரும்பிய கதை. வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு, விடை எந்த வரியிலும் எழுதப்படாத ஒரு கேள்வி: குரங்கு ஏன் ஓடவில்லை? அந்தக் கேள்விக்கு மட்டும் டோமர் தந்திரம் செல்லாது.

தமிழில் சொல்லச் சொல்வதைச் சில பெற்றோர் விரும்புவதில்லை. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் எதற்கு என்று ஒரு தாயார் கேட்டே விட்டார்கள். விளங்கியதா என்பதை எந்த மொழியில் அறிவது? கனவு காணும் மொழியில்தானே! 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தமிழ், கணக்கு ஆகியவற்றோடு ஆங்கிலமும் சேர்ந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அவரவர் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்தார்கள். ஒரே பாயில் ஒருவன் அலிஃபும் இன்னொருவன் அம்ம ஜுஸுவும் ஓதும் நம் மக்தபுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அரசு அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது மகிழ்ச்சியே.

இன்னொரு தாயார், கணவர் வளைகுடாவில் இருப்பவர், வேறு விதமாகக் கேட்டார்கள்: “இப்ப போனே எல்லாத்தையும் வாசிச்சு மொழிபெயர்த்துச் சொல்லிருதே ஹஜ்ரத், இதுக்கு இவ்வளவு பாடு படணுமா?” நியாயமான கேள்விதான்; நாமும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் வாசித்துச் சொல்பவன் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அதைக் கண்டுபிடிக்க, கேட்பவருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டுமே! அவர்களுக்குத் தந்திக் கதையைச் சொன்னோம். காப்பைப் பற்றியும் சொன்னோம். மறுநாள் முதல் தம் மகனோடு அவர்களும் வந்து பின்வரிசையில் அமர்கிறார்கள்.

தாடையில் தழும்போடு வரும் சிறுமி இப்போது நான்காம் வகுப்பு. இப்போதெல்லாம் அவள் நம்மை எளிதில் விடுவதில்லை. சில வாரங்களுக்கு முன் அவள் கேட்டாள்: “நாட் என்றால் கூடாது, கிளைம்ப் என்றால் ஏறு. சரி. அந்த டு எதுக்கு ஹஜ்ரத்? டு என்றால் செய் என்று சொன்னீங்க. ஏறாதே என்பதில் செய் எங்கே இருக்கு?”

நமக்கு உடனே விடை தெரியவில்லை. நாளை சொல்கிறோம் என்றோம். நாளை ஒரு வாரமாயிற்று. தேடிப் பார்த்ததில் விளங்கியது இதுதான்: முற்காலத்து ஆங்கிலத்தில் அந்த ‘டு’ தேவைப்படவில்லை. வினையை முதலில் சொல்லி அதன் பின்னால் ‘நாட்’ போட்டார்கள். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளிலும் கட்டளைகள் அப்படித்தான் பெரிதும் அமைந்திருக்கின்றன. பொருளில்லாத இந்த ‘டு’ பிற்பாடுதான் நிலைபெற்றது. அந்தப் பழைய வழக்கப்படி எழுதினால் பலகையில் ‘கிளைம்ப் நாட்’ என்றிருக்கும் என்று அவளுக்கு எழுதிக் காட்டினோம்.

அவள் அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தாடையைத் தடவிக்கொண்டாள்.

“ஏறு, கூடாது. இது தமிழ் மாதிரியே இருக்கே ஹஜ்ரத்! இப்படிப் போட்டிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேனே” என்றாள்.